பனியன் ஊரில் ஒரு பனிச்சட்டை

என் பீரோவின் மேல்தட்டில் வெளிர்சாம்பல் நிறப் பருத்தி பனியன் ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, இன்டர்லாக் பின்னல், முழுக்கை. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் தைத்தது. நல்ல துணி, நல்ல தையல், குறை சொல்ல ஒன்றுமில்லை. 2019 மே மாதம் இதைப் போட்டுக்கொண்டுதான் இமயமலையில், டோக்ரியாணி பாமக் பனியாற்றின் அருகே, முகாமில், பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுங்கினேன்.

உத்தரகாசியில் 1965 முதல் இயங்கிவரும் நேரு மலையேற்றப் பயிற்சிக் கழகத்தில் 28 நாள் அடிப்படைப் பயிற்சிக்குப் போயிருந்தேன். முதலில் டேக்லா பாறைகளில் ஏற்றம், பிறகு புக்கி கிராமத்திலிருந்து முதுகுச் சுமையோடு மேலே நடை. அன்று முகாமை அடைந்தபோது முதுகு முழுவதும் வியர்வை. சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கிய சில நிமிடங்களில் அந்த பனியன் கிணற்றில் முக்கியெடுத்த துணி போல் உடம்போடு ஒட்டிக் குளிர்ந்தது. மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் உள்ளே இருந்த ஈரம் விடவில்லை. பயிற்றுநர் என் கழுத்துப் பட்டியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பேட்டா, இந்தக் காட்டனை முதலில் கழற்று" என்று இந்தியில் சொன்னார். என் கயிற்றுக் குழுவில் இருந்த நாகாலாந்துப் பெண் தன் பாலியஸ்டர் கால்பந்து ஜெர்சியைக் கொடுத்தாள். சாதாரண விளையாட்டுச் சட்டைதான். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது.

இதற்கான காரணம் எனக்குத் தெரியாததல்ல. துணித்தொழிலில் பருத்தியின் ஈரப்பிடிப்பு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4 சதவீதம் என்பது எங்கள் கணக்குவழக்கின் அரிச்சுவடி. நூல் வாங்கும்போது எடையில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பதற்காகக் கற்றுக்கொண்ட எண் அது. இழைக்குள் நீரை வாங்கி வைத்துக்கொள்வதால்தான் பருத்தி நம் ஊர் வெயிலுக்கு அவ்வளவு இதமாக இருக்கிறது. அதே குணம் 3,500 மீட்டருக்கு மேலே உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பதினான்கு ஆண்டுகள் துணியோடு வாழ்ந்தவளுக்கு அந்த எண்ணின் பொருள் முதுகில் உறைத்தது அன்றுதான்.

ஊர் திரும்பியதும் மனதில் ஒன்றுதான் ஓடியது. உலகம் முழுவதற்கும் உடுப்பு தைத்து அனுப்பும் ஊர் எங்களுடையது. மலைக்குப் போக எனக்கு வேண்டிய ஒரு சட்டை மட்டும் ஏன் இங்கே கிடைப்பதில்லை?

வெளிநாட்டு ஜாக்கெட்டுகள் நன்றாக இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். கடைகளில் அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். சில தையல்களைப் பார்க்கும்போது கைகூப்பத் தோன்றும். ஆனால் ஒரு நல்ல மழைத்தடுப்புச் சட்டை 35,000 ரூபாயைத் தாண்டுகிறது. என் இரண்டு மாதச் சேமிப்பில் அது அடங்காது. விலையைவிடவும் எனக்குப் பெரிதாகப் பட்டது பழுது. தோழி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஜாக்கெட்டின் ஜிப் இரண்டாம் ஆண்டில் போனது. அதே அளவு, அதே ரக ஜிப் தேடி மூன்று ஊர் அலைந்து, கடைசியில் சாதாரண ஜிப்பை வைத்துத் தைத்தாள். இப்போது மழை நேராக நெஞ்சுக்கு வருகிறது. தைத்தவர் கண்ணெதிரே இருந்தால் அந்தச் சட்டை பத்து வருடம் உழைக்கும். என் அம்மாவின் தையல் இயந்திரத்தை இன்றும் ஓட வைத்திருப்பது எங்கள் தெருமுனை மெக்கானிக்தான்.

ஆக, தேட ஆரம்பித்தேன். தேடுவது என்றால் எனக்கு லேபிளைப் பார்ப்பது. எந்தக் கடைக்குப் போனாலும் இடது பக்கத் தையலுக்குள் இருக்கும் சின்னப் பட்டையைத் திருப்பி, எங்கே தயாரானது என்று பார்த்துவிட்டுத்தான் விலையைக் கேட்பேன். நம் நாட்டுப் பெயர்களில் விற்கும் மலையேற்ற ஜாக்கெட்டுகள் இன்று கணிசமாக வந்துவிட்டன. பெங்களூரில் தொடங்கிய வைல்ட்கிராஃப்ட் பலருக்கும் தெரிந்த பெயர். இணையத்தில் மட்டும் விற்கும் சிறிய பெயர்களும் உண்டு. நான் பார்த்தவற்றில் முதுகுப் பைகள், கூடாரங்கள், பஞ்சு எழுப்பிய பாலியஸ்டர் பின்னலான ஃபிளீஸில் தைத்த சட்டைகள் பலவும் உள்நாட்டிலேயே தைத்தவை. ஆனால் பெயர் நம்முடையதாக இருந்தும், மழைத்தடுப்பு ஜாக்கெட்டுக்குள் லேபிளைத் திருப்பினால் வேறு நாட்டின் பெயர் இருந்ததை ஒருமுறையல்ல, பலமுறை பார்த்தேன். அதில் ஏமாற்று ஏதும் இல்லை, லேபிள் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனாலும் அந்தச் சட்டையை மடித்து அலமாரியில் திரும்ப வைக்கும்போது மனம் கனத்தது.

லூதியானாவுக்கும் ஒரு முறை போனேன். பருத்தி பனியனுக்குத் திருப்பூர் என்றால் கம்பளிக்கும் குளிர்கால ஜாக்கெட்டுக்கும் லூதியானா. மார்கழியில் நம் ஊர்களில் நடைபாதையில் கடை விரிக்கும் திபெத்தியர்கள் கொண்டுவரும் ஸ்வெட்டர்களில் பெரும்பகுதி அங்கே வாங்கியதுதான். தெருத்தெருவாகப் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டுகள் தொங்கின. டெல்லி குளிருக்குப் போதும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்குப் போதும். ஆனால் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கட்டி, கையைத் தலைக்கு மேலே நீட்டிப் பாறையைப் பிடிக்கிறவருக்கு அவற்றில் எதுவும் ஒத்துவரவில்லை. கையை உயர்த்தியதும் சட்டையின் கீழ்விளிம்பு பட்டையை விட்டு மேலேறிவிடுகிறது. பைகள் எல்லாம் இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்கின்றன. தலைமூடி ஹெல்மெட்டின் மேல் ஏறவே இல்லை. பெண்களுக்கான அளவு என்று காட்டியவை ஆண்களுக்கான அளவையே சுருக்கித் தைத்தவை. தோள் தொங்கியது, இடுப்பு இறுக்கியது.

மலைக்கு நான்கு அடுக்காக உடுத்த வேண்டும். அதில் உள்ளே போடும் இரண்டு அடுக்குகளுக்கு இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதே இல்லை. உடம்போடு ஒட்டும் முதல் அடுக்கு பாலியஸ்டர் பின்னல், அதன் மேல் ஃபிளீஸ். இரண்டுமே பின்னலாடை, எங்கள் ஊர்ச் சரக்கு. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பாலியஸ்டர் முழுக்கைச் சட்டைகள் 150 ரூபாய்க்குக் கிடைக்கின்றன. தோளில் தையல் விழாத, மேடில்லாமல் தட்டையாகப் படியும் ஃபிளாட்லாக் தையல் போட்ட ஒன்றைத் தேடி எடுத்தேன். முதுகுப் பையின் பட்டை அழுத்தும் இடத்தில் தையல் மேடு இருந்தால் இரண்டாம் நாளே தோல் உரிந்துவிடும். ஃபிளீஸுக்கு உள்பக்கம் கட்டம் கட்டமாகப் பஞ்சு எழும்பிய ஒரு துணி எங்கள் பழைய சாம்பிள் அலமாரியிலேயே இருந்தது. அந்தக் கட்டங்களுக்கு நடுவே காற்று நிற்கும், வியர்வையும் வெளியேறும். வாங்குபவர் ரத்து செய்த ஆர்டரின் மிச்சம். மேலாளரிடம் கேட்டு வாங்கித் தைத்துக்கொண்டேன். இன்றுவரை அதைவிட நல்ல ஃபிளீஸை நான் அணிந்ததில்லை.

மூன்றாவது, மலைக்காரர்கள் எல்லோரும் ஃபெதர் ஜாக்கெட் என்று சொல்லும் தூவிச் சட்டை. பெயர்தான் ஃபெதர். உள்ளே இருக்க வேண்டியது இறகு அல்ல, வாத்தின் மார்புப் பகுதியில் தண்டில்லாமல் பூப்போல் இருக்கும் தூவி. ஒரு அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பதை வைத்து 600, 800 என்று அதற்குத் தரம் போடுகிறார்கள். எண் கூடக்கூட எடை குறைந்து சூடு கூடும். நம்மிடம் வாத்து இல்லாமல் இல்லை. குட்டநாட்டிலும் தஞ்சை வயல்களிலும் அறுவடை முடிந்த தாளடியில் நூற்றுக்கணக்கில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ஆனால் அவை முட்டைக்காக வளர்ப்பவை. வெப்ப நாட்டுப் பறவைக்கு அடர்ந்த தூவி எதற்கு? உலகச் சந்தைக்கு வரும் தூவியில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. இங்கே தைக்கும் ஃபெதர் ஜாக்கெட்டுகளிலும், நான் விசாரித்தவரை, உள்ளே இருப்பது வெளியிலிருந்து வந்த தூவிதான். அதனால் அதை உள்நாட்டுச் சட்டை இல்லை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அறை அறையாகப் பிரித்து, ஒவ்வொரு அறைக்கும் கிராம் கணக்கில் நிறுத்து அடைத்து, ஊசித்துளை வழியாகத் தூவி வெளியேறாதபடி தைப்பது பெரிய வேலை. அந்தக் கை நம் கை. அப்படித் தைத்த ஒன்றை இமாச்சலில் ஒரு சிறு கடையில் 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரரே அளவெடுத்துக் கையைச் சுருக்கிக் கொடுத்தார். அதோடு அந்தத் தேடல் முடிந்தது.

இங்கே ராணுவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984 ஏப்ரல் முதல் நம் வீரர்கள் சியாச்சினில் நிற்கிறார்கள். அந்தக் குளிருக்கான சிறப்பு உடைகளை நெடுங்காலம் வெளிநாடுகளிலிருந்துதான் வாங்கிவந்தோம். 2022 டிசம்பர் 27 அன்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ., தான் உருவாக்கிய கடுங்குளிர் உடையின் தொழில்நுட்பத்தை 5 இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தது. மூன்று அடுக்கு உடை. அடுக்குகளை மாற்றி மாற்றிப் போட்டால் 15 டிகிரியிலிருந்து உறைநிலைக்குக் கீழே 50 டிகிரி வரை தாங்கும்படி வடிவமைத்தது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அன்று சாம்பிள் பிரிவில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் 1960களின் தொடக்கத்திலிருந்து படைத்துறை உடைத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது என்பதையும் அன்றுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். படைவீரனுக்கான சீருடை தைக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் ராணுவத்துக்குச் செய்வது ராணுவத்துக்குப் போகும். என்னைப் போல விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவள் கடையில் கேட்டு வாங்கக்கூடியது எது? அங்கேதான் நான்காவது அடுக்கு, வெளிச்சட்டை, என்னைப் பிடித்து நிறுத்தியது.

வெளிச்சட்டையின் உயிர் தையலில் இல்லை, துணியில் இருக்கிறது. வெளியே நைலான், நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம், உள்ளே மென்மையான பின்னல். மூன்றையும் ஒன்றாக ஒட்டிய துணி. அந்தப் படலம் உள்ளிருந்து வரும் வியர்வை ஆவியை விட வேண்டும், வெளியிலிருந்து வரும் மழைத்துளியைத் தடுக்க வேண்டும். அமெரிக்காவில் பாப் கோர் 1969-இல் டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்து நீட்டிக் கண்டுபிடித்த கோர்-டெக்ஸ் இதில் முதல் பெரும் பெயர். பாலியூரித்தேன் படலத்தாலும் இன்று செய்கிறார்கள். துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை நீர்த்தூண் அளவில் சொல்வார்கள். 10,000 மி.மீ. என்றால் துணியின் மேல் 10 மீட்டர் உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். படிக்கும்போது மிதமிஞ்சியதாகத் தோன்றும். ஆனால் ஈரப்பனியில் முழங்கையை ஊன்றும்போதும், 15 கிலோ பையின் பட்டை தோளை அழுத்தும்போதும் அந்த அழுத்தம் எல்லாம் துணியின் மேல்தான் விழுகிறது.

இந்தத் துணி நம் நாட்டிலேயே ஒட்டப்படுகிறது. மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்றிடம் துண்டு வரவழைத்துத் தடவிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் குறைந்தது 1,000 மீட்டர் எடுத்தால்தான் தருவோம் என்றார்கள். ஒரு சட்டைக்கு 2 மீட்டர் கொஞ்சம் கூடப் போகும். 1,000 மீட்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவர்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. ஒரு நிறத்துக்கு இயந்திரத்தைக் கழுவி ஓட்டும் செலவு எனக்குத் தெரியும். நாங்களும் சாயப்பட்டறையில் இதே பதிலைத்தான் கேட்கிறோம், இதே பதிலைத்தான் சிறு வியாபாரிகளுக்குச் சொல்கிறோம். ஏழு மாதம் விடாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்ததில், வேறொரு ஆர்டரில் மிஞ்சிய 12 மீட்டர் இருக்கிறது, நிறம் செங்கல் சிவப்பு, வேண்டுமா என்று அவர்களே ஒருநாள் அழைத்தார்கள். மீட்டர் 620 ரூபாய். பனியில் தூரத்திலிருந்து தெரிவதற்கு அதைவிட நல்ல நிறம் ஏது?

துணி வந்துவிட்டது. தைத்த இடமெல்லாம் ஊசித்துளை விழுமே, அதை எப்படி அடைப்பது? தையலின் மேல் உள்பக்கமாக ஒரு நாடாவைச் சூடான காற்றால் ஒட்ட வேண்டும். அந்த இயந்திரம் திருப்பூரில் எங்கே இருக்கும் என்று யோசித்தபோது 2020 நினைவுக்கு வந்தது.

கொரோனா தொடங்கியபோது மருத்துவர்களுக்கான முழு உடல் கவச உடை நம் நாட்டில் பெயருக்குக்கூடத் தயாராகவில்லை. சில மாதங்களில் திருப்பூரும் கோவையும் பெங்களூரும் அதைத் தைக்க ஆரம்பித்தன. ரத்தம் கசிகிறதா என்று துணியைப் பரிசோதித்துச் சான்று கொடுத்தது கோவையில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா. தையல் வழியாகக் கிருமி நுழையாமல் இருக்க நாடா ஒட்டும் இயந்திரம் வேண்டும். அது கிடைக்காமல்தான் அப்போது எல்லோரும் திண்டாடினோம். கடன் வாங்கி அதை இறக்குமதி செய்தவர்கள் பலர். தேவை வடிந்ததும் அந்த இயந்திரங்கள் அப்படியே நின்றுவிட்டன. மங்கலம் ரோட்டில் பவர்டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை, வைத்திருக்கும் ஓர் அக்காவின் ஷெட்டில் அப்படி ஒன்று, பழைய போர்வை போர்த்தி, மூலையில் இருந்தது. நான் போய்க் கேட்டபோது, "இதை யாராவது ஒருநாள் கேட்டு வருவார்கள் என்றுதான் விற்காமல் வைத்திருக்கிறேன்" என்றார். போர்வையை எடுத்து, சாம்பிராணி காட்டி, அதன் பிறகுதான் ஸ்விட்சைப் போட்டார்.

வெட்டிக் கொடுத்தவர் எங்கள் சாம்பிள் பிரிவின் கட்டிங் மாஸ்டர். 62 வயது. நாங்கள் மாஸ்டர் அண்ணா என்போம். வாழ்நாள் முழுவதும் பின்னல் துணி வெட்டியவர். பின்னல் துணி மன்னிக்கும்; கால் அங்குலம் தப்பினாலும் இழுபட்டு உடம்போடு போகும். இந்த நெய்த துணி ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காது. முதல் சட்டையை மலிவான குடைத்துணியில் தைத்துப் பார்த்தோம். நான் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தினேன். விளிம்பு தொப்புள் வரை ஏறியது. மாஸ்டர் அண்ணா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மிணி, என் அப்பா பனை ஏறியவர். மரம் ஏறுகிறவர் மேலுக்குச் சட்டை போடுவதே இல்லை. அதனால் இந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை. இரண்டு நாள் கொடு."

இரண்டு நாள் கழித்து அக்குளில் சாய்சதுரமாக ஒரு ஒட்டுத்துண்டு வைத்து வந்தார். கை உயர்த்தினேன், விளிம்பு அசையவில்லை. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அதன் பிறகு அவரே கேள்வி கேட்க ஆரம்பித்தார். பட்டை எங்கே கட்டுவாய்? ஹெல்மெட்டைக் கொண்டு வா. கையுறை போட்டுக்கொண்டு ஜிப்பை எப்படி இழுப்பாய்? பைகளை நெஞ்சுக்கு ஏற்றினார். தலைமூடியை மூன்று துண்டாக வெட்டி ஹெல்மெட்டின் மேல் உட்காரச் செய்தார். ஜிப்பின் இழுப்பில் விரல் நீளத்துக்கு நாடா கட்டினார். குண்டூசி குத்தக் கூடாது, குத்தினால் அதுவும் ஓட்டை என்றதும் காகித கிளிப் ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொண்டார். ஊசி 9-ஆம் எண், தையல் சற்று நீளம். நெருக்கித் தைத்தால் துளைகள் சேர்ந்து துணி கிழியும்.

நாடாவில் ஒருமுறை தோற்றோம். அக்காவிடம் மிச்சமிருந்த கவச உடை நாடாவையே ஒட்டினோம். மூன்றாவது துவைப்பில் ஓரம் எழும்பி, பல்லி வால் போல் சுருண்டது. அது ஒருமுறை போட்டுக் கழற்றி எறியும் உடைக்கான பசை. உள்ளே பின்னல் ஒட்டிய மூன்றடுக்குத் துணிக்கு, அதே போலப் பின்னல் முதுகு கொண்ட நாடாவே பிடிக்கும். அதைத் தனியாக வரவழைத்து, வெப்பத்தையும் உருளையின் வேகத்தையும் மாற்றி மாற்றி, துண்டுத் துணியில் நாற்பது தடவைக்கு மேல் ஒட்டிப் பார்த்து அக்கா ஓர் அளவைக் கண்டுபிடித்தார். இப்போது அந்த அளவு இயந்திரத்தின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கிறது.

துணி, நீர்புகா ஜிப், நாடா, கூலி எல்லாம் சேர்த்து முதல் சட்டைக்கு 4,300 ரூபாய் ஆனது. மாஸ்டர் அண்ணா கூலி வாங்க மறுத்துவிட்டார். அதையும் கணக்கில் சேர்த்தே சொல்கிறேன். எடை 430 கிராம்.

ஜூலையில் வால்பாறைக்கு எடுத்துப்போனேன். தென்மேற்குப் பருவமழைக்குச் சின்னக்கல்லாறை விடக் கடுமையான பரிசோதனைக்கூடம் தமிழ்நாட்டில் இருக்காது. தேயிலைத் தோட்டப் பாதையில் நான்கு மணி நேரம் நடந்தேன். மழை நேராக விழவில்லை, சாய்ந்து அடித்தது. முதல் மூன்று மணி நேரம் உள்ளே காய்ந்தே இருந்தேன். நான்காவது மணியில் தோளில் மேல்துணி நனைந்து கறுத்தது. நீர்த்துளி உருண்டோடச் செய்யும் மேற்பூச்சு பட்டை உரசும் இடத்தில் தேய்ந்திருந்தது. நீர் உள்ளே வரவில்லை, ஆனால் மேல்துணி ஊறிவிட்டால் வியர்வை வெளியேற வழியில்லை, உள்பக்கம் பிசுபிசுத்தது. இந்தப் பூச்சு எல்லா மழைச்சட்டையிலும் தேயும். கழுவி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் ஓரளவு திரும்பும். இந்தச் சட்டைக்கு அப்படித்தான் செய்துவருகிறேன்.

அடுத்த ஜூனில் மணாலி. ஃப்ரெண்ட்ஷிப் சிகரம், 5,289 மீட்டர். துந்தியிலிருந்து பக்கர்தாச், அங்கிருந்து லேடி லெக் முகாம். நள்ளிரவு ஒரு மணிக்குக் கிளம்பினோம். எங்கள் ஊர் பாலியஸ்டர், ரத்தான ஆர்டரின் ஃபிளீஸ், அதன் மேல் செங்கல் சிவப்பு. ஃபெதர் ஜாக்கெட் பையில். காற்று முகட்டில் ஏறியதும் பிடித்துக்கொண்டது. தலைமூடியின் நெற்றி விளிம்பு மடங்கி மடங்கிக் கண்ணை மறைத்தது. அதற்குள் ஒரு விறைப்பான பட்டை வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. மற்றபடி உடம்புக்குள் காற்று நுழைந்ததாக ஓர் இடத்தைக்கூட என்னால் சொல்ல முடியாது. உச்சிக்குக் கீழே 150 மீட்டர் இருக்கும்போது மேகம் இறங்கிப் பாதை தெரியாமல் போனது. கயிற்றில் கட்டியபடியே நாற்பது நிமிடம் நின்று பார்த்தோம். ஃபெதர் ஜாக்கெட்டை எடுத்து உள்ளே போட்டு மேலே இந்தச் சட்டையை இழுத்து மூடினேன். இரண்டுக்கும் சேர்த்து இடம் விட்டு வெட்டியிருந்தார் மாஸ்டர் அண்ணா. கையுறையோடு நாடாவைப் பிடித்து ஜிப்பை இழுத்தேன், ஒரே இழுப்பில் ஏறியது. மேகம் விலகவில்லை. வழிகாட்டி கையைக் காட்டினார், இறங்கினோம். நான் நடுங்கவில்லை.

முகாமுக்கு வந்து கழற்றியபோதுதான் பார்த்தேன். இடது அக்குளில், சாய்சதுரத் துண்டின் முனையில் நான்கு தையல்கள் ஒன்றாகச் சேரும் இடத்தில், நாடா ஒரு விரல் அகலத்துக்கு எழும்பியிருந்தது.

திரும்பி வந்த மறுநாளே சட்டையை மாஸ்டர் அண்ணாவின் மேசையில் உள்பக்கம் வெளியே தெரிய விரித்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான்கு தையலும் ஒரே புள்ளியில் குவிவதால் அங்கே துணி எட்டு மடிப்பு ஆகிறது, சூடு உள்ளே போகவில்லை, அதனால் ஒட்டவில்லை என்றார். துண்டை அரை அங்குலம் பின்னால் தள்ளினால் தையல்கள் வேறு வேறு இடத்தில் சேரும். பழைய அட்டைப் பேட்டர்னை எடுத்து, அதன் மேல் புதிய கோட்டைச் சிவப்புப் பேனாவால் போட்டார். தலைமூடியின் விளிம்புக்கு என்ன வைக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சட்டைக் காலருக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை அக்கா கொண்டுவந்து கொடுத்தார்.

12 மீட்டரில் இன்னும் கொஞ்சம் துணி மிச்சம் இருக்கிறது. எங்கள் செக்கிங் பிரிவில் 22 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். 2023 மே மாதம் தமிழ்நாட்டுப் பெண் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறிய செய்தியைப் பார்த்ததிலிருந்து, "அக்கா, என்னையும் உத்தரகாசிக்கு அனுப்பி வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். இந்த ஆண்டு இடம் கிடைத்துவிட்டது, அக்டோபரில் போகிறாள். உயரம் ஐந்தடி, என்னைவிடக் கை நீளம். நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளை நிற்கவைத்து, ஹெல்மெட் போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லி அளவெடுத்தோம். வியாழக்கிழமை வெட்டுகிறோம்.